குஞ்ஞம்மாவுக்குள் பெய்த மழை

ஊஞ்சப்பாளையத்தில் சொட்டு மழை விழுந்து இரண்டு வருசமும் ஒரு மாதமும் ஆகியிருந்தபோது, வைகாசி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வானம் வெளுத்துக் காயப்போட்ட வேட்டிபோலத் துளி அழுக்கில்லாமல் கிடக்க, அர்த்தநாரியின் லாரிக்காட்டில் கிழக்கோரமாக நின்ற மலையாளத்து லாரியின் பாடிக்குள் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது.

அர்த்தநாரி அப்போது பஞ்சாப் லாரியின் நெற்றிப் பலகையை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அப்புறம்தான் குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது என்பது ஞாபகம் வந்தது. கிழக்கோரம் போய் டயரில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தார். பதினாறடி நீளம், ஏழடி அகலம். அந்த அளவுக்கு வெட்டி வைத்ததுபோல மழை விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரத்தில், எதுவுமே இல்லாத இடத்திலிருந்து கிளம்பி, அந்தப் பக்கத்து மழை மாதிரிப் பொட்டுப் பொட்டென்று யோசித்து யோசித்து விழாமல், கனத்து, சாய்ந்து, ஒரே மூச்சில் விழுந்தது. கையை நீட்டினார். முழங்கை வரைக்கும் நனைந்தது. மோந்து பார்த்தார். ஈர இலையும் ரப்பர்ப் பாலும் கலந்த வாசனை.

அவருக்கு அதிசயமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. ‘தெரிஞ்சுபோச்சு’ என்றுதான் நினைத்தார். யாருக்குத் தெரிந்துபோச்சு என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அர்த்தநாரிக்கு அறுபத்திரண்டு வயது. சங்ககிரி ரோட்டில் முப்பது வருசம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை வைத்திருந்து, மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் சோளத்துக்குப் பதிலாகப் பழைய லாரிகளை நிறுத்தத் தொடங்கியவர். எல்லாம் மூக்கு நீண்ட வண்டிகள். ஃபார்கோ, டாட்ஜ், பெட்போர்டு என்று எஞ்சின் எந்தச் சீமையில் பிறந்திருந்தாலும் அவருக்கு அது முக்கியமில்லை; அந்தச் சேஸிஸின் மேல் எந்த ஊர் ஆசாரி பாடி கட்டினான் என்பதுதான் முக்கியம். கண்ணைக் கட்டிவிட்டாலும் பக்கப் பலகையைத் தடவி ஊர் சொல்லிவிடுவார். பஞ்சாப் வண்டிக்குக் கேபினுக்கு மேலே கிரீடம் வைத்ததுபோல நெற்றி உயர்ந்திருக்கும், ஆணிகளுக்குப் பித்தளைக் குமிழ் இருக்கும். ராஜஸ்தான் வண்டியில் விரல் வைக்க இடமில்லாமல் கண்ணாடிச் சில்லும் மயிலும் இருக்கும். காஷ்மீரத்து வண்டி மலை வளைவுக்காகக் குட்டையாக இருக்கும், அதன் கதவில் ஏரியும் படகும் தீட்டியிருக்கும். ஆந்திரா வண்டி நெல்மூட்டைக்காக இடுப்பு அகன்றிருக்கும். நாமக்கல் வண்டி ஊர் ஊராகச் சுற்றிவந்தவன் மாதிரி எதையும் காட்டிக்கொள்ளாமல், பலகையை மட்டும் உயர்த்தி, கொக்கிகளை மட்டும் அதிகமாக வைத்துக்கொண்டு நிற்கும். மலையாளத்து வண்டிக்குக் கேபின் முழுக்க மரம். கதவுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டி இறக்குகிற தார்ப்பாய்தான். நெற்றியில் ஒரு பெண்பிள்ளை பெயரோ கிறிஸ்தவப் புனிதர் பெயரோ கட்டாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரிப் பைத்தியங்கள் வந்து இவற்றைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் அர்த்தநாரி ஒவ்வொரு வண்டியையும் எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிக் கொண்டுவந்தேன் என்று மணிக்கணக்காகச் சொல்லுவார். கிழக்கோரத்து வண்டிக்கு வந்தால் மட்டும், “இது நேரியமங்கலத்துப் பக்கம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்த வண்டியின் பெயர் குஞ்ஞம்மா. ஆறு வருசத்துக்கு முன்னால் மூணாறு போகிற பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒன்றரை மைல் திரும்பி நடந்தார் அர்த்தநாரி. மலையடிவாரத்தில் ஓட்டுவீடு, திறந்த முற்றம், அதில் நேற்றுத்தான் பாடி கட்டி முடித்தது போல அந்த லாரி. அதன் சொந்தக்காரர் வர்க்கி நாற்பது வருசம் காட்டுமரம் ஏற்றியவர். நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டார். முதல் தடவை டீ கொடுத்துவிட்டு, தரமாட்டேன் என்றார். இரண்டாவது வருசம் போனபோது கேபினுக்குள் ஏறி உட்காரவிட்டு, ஹாரனையும் அமுக்கவிட்டு, தரமாட்டேன் என்றார். மூன்றாவது தடவை அர்த்தநாரி காரணம் கேட்டார். வர்க்கி கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்தார். அவரிடம் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. “இல்ல, அத்ரதன்னே” என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

போன தை மாதம், வர்க்கிக்கு வாதம் வந்து ஒரு பக்கமும் நாக்கும் விழுந்துவிட்டது என்று மர லோடு ஓட்டுகிற ஒருவர் சொல்லக் கேட்டு அர்த்தநாரி மறுநாளே பஸ் ஏறினார். நோயாளியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று பாலக்காடு வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். பாலக்காடு தாண்டியதும் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார். வர்க்கியின் மனைவி ஏலியாம்மையிடம், “சேட்டன் விழறதுக்கு முந்திப் போன்ல என்கிட்டச் சொன்னாருங்க, ‘எனக்குப் பின்னால பாக்கறதுக்கு ஆளில்ல, நீ கொண்டுபோயிரு’ன்னு” என்று சொன்னார். குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை, அந்த லாரி கிடைக்கப்போகிறது என்ற சந்தோசம். ஏலியாம்மை அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். விலையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டியைத் திருப்பும்போது வர்க்கி சன்னலோரக் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் இருந்த பக்கம் பார்த்துத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அர்த்தநாரி மறுபக்கம் பார்த்துக்கொண்டே, அனுமானத்திலேயே திருப்பினார்.

ஆகவே மழை வந்த அன்று, மழை அவருக்குப் புதிராக இல்லை.

ஊருக்கும் அது ரொம்ப நேரம் புதிராக இருக்கவில்லை. பத்தே முக்காலுக்கு லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் ஓடி வேலிக்கு வெளியே வந்தது. பதினொன்றுக்குப் பஞ்சாயத்துத் தலைவி பொன்னுருவி வந்தாள். நாற்பது வயசு, ஊரில் பாதிப்பேருக்கு மருமகள் முறை, எதையும் முதலில் எழுத்தில் வைக்கவேண்டும் என்கிறவள்.

“ஏனுங்க மாமா, தண்ணி ஓடுதாமா. போர் போட்டீங்களா?”

“இல்லம்மா. மழை.”

எட்டிப் பார்த்தாள். “ஆமா, மழைதான்” என்றாள். “எப்ப நிக்கும்?”

“தெரியல.”

“அப்ப மத்தியானத்துக்குள்ள கொடம் கொண்டாரச் சொல்லீர்றேன். நீங்க அந்தச் சந்துல சாக்கு அடைங்க, வீணாப் போகுது பாருங்க.”

அவ்வளவுதான். நூற்றிருபது வீடும் குடத்தோடு வந்தது. மறுநாளும் பெய்தது. மூன்றாம் நாள் தச்சர் வந்து பலகை இடுக்குகளைப் பிசின் வைத்து அடைத்தார். நான்காம் நாள் பின்கதவில் இரண்டு குழாய் பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் வடக்குத் தெருவுக்குக் காலை, தெற்குத் தெருவுக்கு மத்தியானம், காலனிக்குச் சாயங்காலம் என்று பலகை எழுதி மாட்டினார்கள். ஆறாம் நாள் காலனிக்காரர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் கடைசி என்று சண்டைக்கு வந்து, வாரத்துக்கு ஒரு முறை வரிசை மாறும் என்று முடிவானது. சுகாதார ஆபீசிலிருந்து வந்தவர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய், நல்ல மழைத்தண்ணீர், ஆனால் இந்தப் பக்கத்து மழை இல்லை என்று அறிக்கை கொடுத்தார். தாலுகா ஆபீசில் இதை வாகனம் என்று எழுதுவதா ஏரி குளம் என்று எழுதுவதா என்று ஒரு மாதம் கோப்பு மேலும் கீழும் போய், கடைசியில் ‘நகரக்கூடிய நீர்நிலை’ என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

நேரியமங்கலத்தில் பெய்தால் இங்கே பெய்யும், அங்கே விட்டால் இங்கே விடும் என்பதை ஊர் பத்து நாளில் கண்டுபிடித்துவிட்டது. கொச்சியில் பேக்கரி வேலை பார்க்கிற பையன்களுக்குப் போன் போட்டு, கிழக்கே மேகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் பெண்கள் துணி ஊறவைத்தார்கள். இடவம், மிதுனம், கர்க்கடகம் என்று மலையாள மாதங்களை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லப் பழகினார்கள். மழையோடு பலாச்சருகு வந்தது, ரப்பர்க் காய் வந்தது, ஒருநாள் ஒரு தவளையும் வந்து, அது கத்துவது இந்த ஊர்த் தவளைகளுக்குப் புரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். குஞ்ஞம்மா என்ற பெயர் யார் வாயிலும் நுழையாமல் குஞ்சம்மா என்றாகி, “குஞ்சம்மா இன்னைக்குப் பெஞ்சாளா?” என்பது ஊரில் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற வார்த்தையாயிற்று. தண்ணியில்லாத ஊர் என்று பெண் கொடுக்காமலிருந்த இரண்டு குடும்பங்கள் வந்து தட்டு மாற்றின. ஆனியில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்து, அர்த்தநாரியின் மடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

“மாமா, உங்களால ஊரே பொழைச்சுது” என்றாள் குழந்தையின் தாய்.

அர்த்தநாரி குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பவானி ரோட்டுக் கடையில் கேன் தண்ணீர் வாங்கி, கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு குடித்தார். ஒரே ஒரு நாள் குழாயடியில் யாரும் இல்லாதபோது ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்தார். கசக்கும், தொண்டையில் நிற்கும் என்று எதிர்பார்த்தார். அது இனிப்பாக, குளிர்ச்சியாக, தன்பாட்டுக்கு இறங்கியது. மழைக்கு அவர்மேல் கோபமே இல்லை. அதை அவரால் தாங்க முடியவில்லை. வேலியோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“ஏனுங்க, ஊரே குடிக்குது, நீங்க மட்டும் எதுக்குக் கேன் வாங்கறீங்க?” என்று அவர் மனைவி மயிலாத்தாள் கேட்டாள்.

“தொண்டை கட்டுது.”

“தொண்டை கட்டுனா கேன் தண்ணிக்குங் கட்டும்” என்றாள் அவள். அதற்குமேல் கேட்கவில்லை. முப்பத்தேழு வருசம் கூடவே இருந்தவள். கேட்காமலிருந்தால் தானாக வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆடியில் மாரியம்மன் நோம்பி வந்தது. பஸ் நிறுத்தத்தில் அர்த்தநாரியின் படம் போட்டு, ‘மண்ணுக்கு மழை தந்த மாமனிதரே வருக’ என்று பெரிய பேனர் கட்டினார்கள். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் அவர் தோட்டத்து வழியாகச் சுற்றிப் போனார். தீர்த்தக்குடம் முதலில் அவர் தலையில்தான் ஏறவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. குஞ்ஞம்மாவின் குழாயில் பிடித்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். மேளம் முன்னே போக, பெண்கள் பின்னே குலவையிட, அந்தக் குடத்தைச் சுமந்துகொண்டு கோயில் வரைக்கும் நடந்தபோது, காட்டுமரத்தை நாற்பது வருசம் ஏற்றிய ஒரு மனுசன் கட்டிலில் கிடந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு முன்னால் நடந்துகொண்டே வந்தது. அம்மனுக்கு முன்னால் குடத்தை இறக்கியபோது பாதித் தண்ணீர் தளும்பிச் சிந்தியது. வயசாச்சு பாவம் என்று பூசாரி தாங்கிப் பிடித்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினார். இந்தத் தடவை தனக்குத்தானே எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

நேரியமங்கலத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வர்க்கியின் வீட்டுப் படலைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். முற்றம் முழுக்கச் சேறும் நீருமாக ஓட, நடுவில், லாரி நின்ற இடத்தில், பதினாறடிக்கு ஏழடி நிலம் எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. மேலே ஓடு இல்லை, கூரை இல்லை. மழை அந்த இடத்துக்கு வந்ததும் விலகிக்கொண்டது. காய்ந்த இடத்தில் கயிறு கட்டி வெள்ளை வெள்ளையாக ரப்பர் ஷீட் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே பாயில் குறுமிளகும் ஜாதிக்காயும் உலர்ந்துகொண்டிருந்தன. குடை பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் தங்கள் ஷீட்டைத் திருப்பிப் போட வந்திருந்தார்கள்.

ஏலியாம்மை அவரைப் பார்த்ததும் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். “தை மாசம் வண்டி போயதல்லே? அன்னு முதல் இவிட மழை விழுந்தில்ல” என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். கர்க்கடகத்தில் ஷீட் காயவைக்க இடம் கிடைப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடைக்காத பாக்கியம் என்றாள். பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டு ஜாதிக்காயையும் அனுப்பிவிட்டாராம்.

அர்த்தநாரி வாசற்படியில் நின்றபடியே சொன்னார். “அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய். சேட்டன் எனக்குப் போன் பண்ணவே இல்லை. மூணு தடவையும் தரமாட்டேன்னுதான் சொன்னாரு.”

ஏலியாம்மை துண்டை மடித்தாள். “எனிக்கு அன்னே அறியாம்” என்றாள். அன்றைக்கே தெரியுமாம். “ஃபோன் எப்பவும் என்ற கையிலல்லே இருக்கு. நாற்பது வருசம், சோறு உண்டோன்னு என்னைக் கேட்கும் முன்னே, டயரைத் தட்டிப் பாக்கும் அந்த ஆளு. போகட்டேன்னு நானும் வச்சேன்.” மடித்த துண்டைத் திண்ணையில் வைத்தாள். “பொய் உங்களுடேது. கையொப்பம் என்னுடேது.”

“வண்டியக் கொண்டாந்து விட்டர்றேன்மா.”

“வேண்டா” என்றாள் அவள் சட்டென்று. குடைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எல்லாரும் இங்க கொண்டுவந்து காயவைக்குன்னு. வேண்டா.”

உள்ளே சன்னலோரத்தில் வர்க்கி கிடந்தார். பாதியாக இளைத்திருந்தார். அர்த்தநாரி உள்ளே போய்க் கட்டிலின் காலடியில் நின்றார். அவர் முகத்தை வர்க்கி பார்க்கவில்லை. கொட்டுகிற மழைக்கு நடுவே காய்ந்து கிடக்கிற அந்த நீளத்தை, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், மறுமுனையிலிருந்து இந்த முனைக்கும், வண்டியைச் சுற்றிவந்து சரிபார்க்கிறவர் மாதிரி, கண்ணாலேயே நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்த வார்த்தை அர்த்தநாரிக்கு வாயில் வரவில்லை. வந்த வழியே திரும்பினார்.

ஊருக்கு வந்ததும் பொன்னுருவியிடம் சொல்லிக் கூட்டம் கூட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, லாரிக்காட்டிலேயே, குஞ்ஞம்மாவின் மழைச்சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, மூன்று மறுப்பையும் ஒரு பொய்யையும் ஒளிக்காமல் எல்லோருக்கும் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். யாராவது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “சரி விடப்பா, ஆருதான் செய்யல” என்றார். “நம்ம என்ன சும்மாவா எடுத்துட்டு வந்தோம், பணங் குடுத்துத்தான?” என்றார் இன்னொருவர். “பொய் சொன்னதுக்குச் சாமிக்கு ஒரு விளக்குப் போட்டுட்டாச் சரியாப் போச்சு” என்றாள் ஒருத்தி. மழையை எப்படி ஒரு முற்பகலில் ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே அவருடைய பாவத்தையும் ஒரு முற்பகலில் ஏற்றுக்கொண்டு, தெற்குத் தெருவின் முறை வந்துவிட்டதென்று எழுந்து போனார்கள். இவ்வளவு சுலபமாகக் கிடைத்த மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. மன்னித்தவர்கள் யாரும் வண்டியை இழந்தவர்கள் இல்லை.

மயிலாத்தாள் வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். “முப்பத்தேழு வருசம், ஒரு கத்திரிக்காய ஆரு தோட்டத்துலயும் கேக்காமப் பறிக்காத மனுசன்னு நெனச்சேனே!” என்று அழுதாள். அது அவருக்கு ஊர் கொடுத்ததைவிடப் பெரிய ஆறுதலாக இருந்தது. அழுது ஓய்ந்தபின், “எப்பக் கொண்டுபோறீங்க?” என்று கேட்டாள்.

“ஊரு விடாது.”

“ஊரையா கேட்டேன்?”

ஆவணி பிறந்து நான்காம் நாள், காலை பத்து மணிக்கு, அர்த்தநாரி குஞ்ஞம்மாவின் கேபினில் ஏறிச் சாவியைத் திருகினார். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஊர் வந்துவிட்டது. வேலிப் படலுக்கு முன்னால் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் கத்தவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான்.

“எறங்குங்க மாமா” என்றாள் பொன்னுருவி. “ஒரு ஆளு மனசுக்கு நூத்திருவது ஊடு காயோணுமா? அந்த அம்மாளே வேண்டாம்னுட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?”

“வண்டி அந்தம்மாளோடது இல்லையேம்மா.”

“அந்த மனுசன் இனி வண்டி ஓட்டவா போறாரு?”

“ஓட்டமாட்டாரு. அதுக்காக அது என்னோடது ஆயிருமா?”

“உங்களோடது இல்ல, ஊரோடது. ஆபீசுல எழுத்தே இருக்குது” என்றாள் அவள். கையிலிருந்த குடத்தைத் தூக்கிக் காட்டினாள். “என்ற மகளுக்குப் பத்து வயசு மாமா. இந்த மூணு மாசந்தான் அவ கொடந் தூக்காம இருந்தா.”

அர்த்தநாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, பின்னால் மழையும் பெய்துகொண்டேயிருந்தது.

அப்போது மயிலாத்தாள் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போய் இரண்டு குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டாள். “ஆளுக்கொரு கொடம் புடிச்சுக்குங்க. புடிச்சவங்க தள்ளி நில்லுங்க” என்றாள், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவள் மாதிரி. யாரும் அசையவில்லை. பிறகு காலனியிலிருந்து வந்த ஒருத்தி முதல் குடத்தை வைத்தாள். பின்னால் இன்னொருத்தி. வரிசை உண்டாயிற்று. குடம் நிறைந்தவர்கள் கேபினைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது, ஒவ்வொருவராகக் கடந்தார்கள், ஒருத்தரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. ஆனியில் பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் தாயும் போனாள். நூற்றிருபது குடம் நிறைய மத்தியானம் இரண்டு மணி ஆனது. கடைசிக் குடம் பொன்னுருவியுடையது. அது நிறைந்தபின் அந்த இடத்தில் நிற்க யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. மயிலாத்தாள் கேபினில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

ஈரோடு, பெருந்துறை, அவினாசி, பாலக்காட்டுக் கணவாய். ரோடெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டு போனது அந்த லாரி. வெயிலில் நின்றிருந்த போலீஸ்காரர்கள் கை நீட்டி நனைத்துக்கொண்டார்கள். நிறுத்தி விசாரித்த ஒருவரிடம் அர்த்தநாரி, “பெய்யற எடத்துக்குக் கொண்டுபோறனுங்க” என்றார். அவர் போகலாம் என்று கையசைத்தார். அன்று திருச்சூரில் தங்கி, மறுநாள் காலை நேரியமங்கலம் போய்ச் சேர்ந்தார்கள்.

படலைத் திறந்தது ஏலியாம்மைதான். வண்டியைக் கண்டதும் அவள் முகம் இருண்டது. போய் ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து எடுத்தாள். மயிலாத்தாளும் இறங்கிப்போய்ப் பாயைச் சுருட்ட உதவினாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பாலிருந்து அர்த்தநாரியைப் பார்த்த பார்வை, ஊஞ்சப்பாளையத்துப் பெண்கள் பார்க்காமலே போன பார்வைதான். அவர் வண்டியைப் பின்னால் எடுத்துக் காய்ந்த இடத்தில் நிறுத்தினார். எல்லாச் சக்கரமும் நிலத்தில் பதிந்ததும், அதுவரை விலகியிருந்த முற்றத்து மழை இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துகொண்டது. குஞ்ஞம்மாவுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மழையாகிவிட்டது.

இரண்டு பக்கத்து வீட்டு ஆண்கள் சேர்ந்து வர்க்கியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து கேபினில் ஏற்றினார்கள். இடதுகை மட்டும்தான் அவருடைய சொல்லைக் கேட்டது. அந்தக் கையால் ஸ்டியரிங்கைத் தொட்டார். கியர்த் தடியைத் தொட்டார். தார்ப்பாய்ச் சுருளின் முடிச்சு தப்பாகக் கட்டியிருப்பதைப் பார்த்து, அதைப் பிரிக்க முயன்று, விட்டுவிட்டார்.

அர்த்தநாரி மழையில் நனைந்துகொண்டு கதவுக்குக் கீழே நின்றார். “சேட்டா, நான் பொய் சொல்லி எடுத்துட்டுப் போனேன். நீங்க தரமாட்டேன்னது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

வர்க்கி படுத்த பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். வாய் கோணியது. எங்கோ ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு சொல் வந்தது.

“போட்டே.”

அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு, போகட்டும் விடு என்றும் அர்த்தம். வண்டிக்கு வழி விட்டாச்சு, கிளம்பு என்று கிளீனர்கள் கத்துவதும் அதே சொல்தான். அர்த்தநாரி ஏலியாம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

“வீணதில் பின்ன ஆ ஒரு வாக்கே வருன்னுள்ளூ” என்றாள் அவள். விழுந்த பிறகு அந்த ஒரே சொல்தான் வருகிறதாம். “கஞ்சிக்கும் போட்டே, மருந்துக்கும் போட்டே.”

வர்க்கி இடதுகையால் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். “போட்டே” என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு அவர் முன்கண்ணாடிக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

புருசனும் பொஞ்சாதியும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் பேனர் இல்லை. கட்டிய மூங்கில்கள் மட்டும் நின்றன. ஊர் அவர்களோடு பேசவில்லை. குடங்கள் பழையபடி இரண்டு மைல் நடந்தன. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரி, எட்டாம் நாள் காலையில் பஞ்சாப் லாரியின் பாடியில் பன்னிரண்டு பிளாஸ்டிக் டிரம்மை ஏற்றினார். பத்து வருசமாக மூட்டை முடிச்சு ஏறாத பலகை. முதல் டிரம்மிலேயே பூ வேலைப்பாட்டின் சாயம் உரிந்தது. காவேரிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து தெருத் தெருவாக நிறுத்தினார். ஜனங்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள், வாய் திறக்கவில்லை. மறுநாளும் போனார். புரட்டாசி முழுக்கப் போனார். கிரீடத்தில் இருந்த பித்தளைக் குமிழ்கள் ரோட்டுக் குலுக்கலில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியங்கள் பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு வண்டியை நாசம் பண்ணலாமா என்று கோபித்துக்கொண்டு, வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஐப்பசி தொடங்கிய ஒரு காலையில், தெற்குத் தெருவில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பொன்னுருவி, அவர் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த மனுசன் என்ன மாமா சொன்னாரு?”

அர்த்தநாரி சொன்னார். இரண்டு அர்த்தத்தையும் சொன்னார். ஏலியாம்மை சொன்னதையும் சொன்னார்.

“அப்ப மன்னிச்சாரா, இல்லையா?”

“தெரியலம்மா.”

“கேட்டிருக்கலாமில்ல?”

“ரெண்டாந்தடவை சொல்லும்போது கதவத் தட்டுனாரு” என்றார் அர்த்தநாரி. “கதவத் தட்டுனா வண்டிய எடுக்கறதுதான எனக்குத் தெரியும். இந்த வண்டிய எடுத்துட்டேன்.”

குடம் நிறைந்தது. அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகிறபோக்கில், “காலனிக்கு நேரமாச்சு, போங்க” என்றாள். அவர் டிரம்மின் குழாயை மூடிவிட்டுக் கேபினில் ஏறினார்.